கீழைவீதிப் பாடைகள்

எல்லையம்மன் கோயிலின் திறவுகோல் சேந்தரிடம் இருந்தது. அவருக்கு முன் அவருடைய தந்தையிடம் இருந்தது.

கோயில் அமைந்த கீழைவீதிக்கென்று ஒரு வழக்கம் உண்டு. வீதியில் எவரேனும் இறந்தால் அவ்வீட்டு வாசலில் பாடை வைக்கப்படும். கோயிற் காப்பாளர் அங்கே சென்று, "யார் பெயர்?" என்று கேட்பார். வீட்டார் ஒருவர் இறந்தவரின் பெயரைச் சொல்வார். உடனே நடை சாத்தப்படும். பாடை ஊரெல்லையைக் கடந்து, சென்றவர்கள் குளித்துத் திரும்பும் வரையில் அம்மனுக்கு விளக்கும் இல்லை, பூவும் இல்லை. பாடைக்குத் தோள் கொடுத்தவர்கள் பதினாறு நாள் இரும்பைத் தொடமாட்டார்கள். அரிவாள்மணையைக்கூடக் காலால் நகர்த்தமாட்டார்கள்.

அவ்வாண்டு புரட்டாசியில் அரசர் போருக்கு எழுந்தார். ஆற்றின் நடுவே நாணல் மட்டும் முளைக்கும் ஒரு திட்டு இருந்தது. அக்கரை நாட்டார் அதில் கொடி நட்டுவிட்டார்கள் என்பது காரணம். கீழைவீதியின் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு மகன் படைக்கு வர வேண்டும் என்று பறையறைந்தார்கள். வெள்ளிக்கிழமை கதிரவன் எழுந்து பத்து நாழிகைக்குள் அரசரின் வாள் அம்மன் காலடியில் வைக்கப்படும் என்றும், அங்கிருந்தே படை ஆற்றைக் கடக்கும் என்றும் சொன்னார்கள். அம்மன் காலடியில் வைக்கப்படாத வாளோடு அரசரின் படை ஒருமுறையும் ஆற்றைக் கடந்ததில்லை.

வீதியின் பெண்கள் எண்ணெய் விற்கும் சடைச்சியின் வீட்டில் கூடினார்கள்.

"சாவு விழுந்த வீதியில் நடை திறவாது அல்லவா?" என்றாள் சடைச்சி. "நம் வீதியில் சாவு விழத்தான் போகிறது. பத்து நாள் முன்னதாக அழுதால் குடியா முழுகிவிடும்?"

முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை விடியும்போது வீட்டுக்கு ஒரு வெறும் பாடை வாசலில் வைப்பது என்று முடிவாயிற்று.

சேந்தர் அச்செய்தியை வியாழக்கிழமை காலையில் கேட்டார். கேட்டதும் உலகம்மையைத் தேடிச் சென்றார்.

உலகம்மை வீதியின் கடைக்கோடியில் தென்னங்கீற்று முடைபவர். சேந்தரைவிடப் பத்து வயது இளையவர். ஏழாண்டுகளுக்கு முன் கீற்று வாங்கச் சென்ற சேந்தர் அவரிடம் ஒரு கேள்வி கேட்டார். கிடைத்த விடையை எண்ணி அன்றிரவு உறங்காமல், மறுநாளும் சென்றார். அது முதல் அவரே சேந்தருக்குக் குரு.

அன்று உலகம்மையின் முற்றம் முழுவதும் பச்சை ஓலை குவிந்திருந்தது.

"யாருக்கு இவ்வளவு கீற்று, அம்மையே?"

"கேட்டவர்களுக்கு."

"பாடைக்கா?"

"கேட்டவர்கள் பாடைக்கு என்றுதான் சொன்னார்கள்."

சேந்தர் ஓலைகளுக்கு நடுவே அமர்ந்தார். அவர் கை திறவுகோலை விடவில்லை.

"நாளை தண்டநாயகர் மழவராயர் அரசரின் வாளோடு வருவார். திறவும் என்பார். நான் திறந்தால் என் மகன் இளநாகன் ஆற்றைக் கடப்பான். திறக்காவிட்டால் என் தலை இந்த வீதியிலேயே விழும். அப்போதும் வேறு யாராவது திறந்துவிடுவார்கள், அவன் கடப்பான். நான் என்ன செய்வது?"

உலகம்மை ஓர் ஓலையை மடித்து அடுத்ததன் கீழே செருகினார்.

"சாவு வீட்டு வாசலில் நீர் என்ன செய்வீர்?"

"யார் பெயர் என்று கேட்பேன்."

"நாளையும் கேளும்."

"யாரும் சொல்லாவிட்டால்?"

உலகம்மை அடுத்த ஓலையை இழுத்தார். சேந்தர் நெடுநேரம் காத்திருந்துவிட்டு எழுந்தார்.

வீட்டில் இளநாகன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். புது வேல் சுவரில் சாய்ந்திருந்தது. சேந்தரின் மனைவி நங்கை அந்த வேலுக்கும் மகனுக்கும் இடையில் நின்றுகொண்டிருந்தாள். சேந்தர் உள்ளே வந்தபோதும் அவள் அங்கிருந்து நகரவில்லை.

"சடைச்சி மூங்கில் கொண்டுவந்தாள்," என்றாள் நங்கை. "திருப்பி அனுப்பிவிட்டேன்."

"எல்லா வீட்டிலும் வைக்கிறார்கள்."

"வைக்கட்டும். கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குப் பாடை கட்ட என் கை எழாது. வைத்தது பலித்துவிட்டால் நீங்களா பொறுப்பு?"

இளநாகன் தலையைத் தூக்கினான். "அம்மா, இன்னும் கொஞ்சம் உப்பு."

நங்கை உப்பை எடுக்கப் போனாள். போகும்போது வேலைத் தன்னோடு எடுத்துச் சென்று அடுக்களையில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது.

கீழைவீதியில் ஒவ்வொரு வாசலிலும் பச்சை மூங்கிற் பாடை இருந்தது. ஒவ்வொன்றின் அருகிலும் ஒருத்தி தலைவிரி கோலமாக அமர்ந்திருந்தாள். சேந்தர் வீட்டு வாசலில் மட்டும் ஒன்றும் இல்லை. நங்கை கதவைச் சாத்திக்கொண்டாள்.

முதலில் வந்தது படை. மற்ற வீதிகளின் பிள்ளைகளும் கீழைவீதியின் பிள்ளைகளும் வரிசையாக வந்து, பாடைகளைக் கண்டு நின்றார்கள். தன் வீட்டு வாசலிலேயே தனக்கான பாடையைக் கண்டவன் அதைப் பாராதவன்போல வானத்தைப் பார்த்தான். ஒருவன் மட்டும், "அம்மா, என் உயரத்துக்கு இது போதாது," என்று சொல்லிப் பார்த்தான். அவன் தாய் அழத் தொடங்கினாள்.

பிறகு தண்டநாயகர் மழவராயர் வந்தார். அவருக்குப் பின்னால் பட்டில் சுற்றிய வாளை இருவர் தாங்கி வந்தனர். அவர் வீதியின் இரு பக்கமும் பார்த்தார். குதிரையிலிருந்து இறங்கினார்.

"என்னய்யா இது, காப்பாளரே? உம் வீதியில் கொள்ளை நோயா?"

"வழக்கப்படி ஒன்று கேட்டுவிட்டு வருகிறேன், ஐயா."

"கேளும். சீக்கிரம் கேளும். நாழிகை நமக்காக நிற்காது."

சேந்தர் கோயில் வாயிலுக்கு அடுத்த வீட்டுக்குச் சென்றார். அது சடைச்சியின் வீடு. சடைச்சி நிமிர்ந்து பார்த்தாள்.

"யார் பெயர்?"

சடைச்சி வாயைத் திறந்தாள். அவள் மகன் இருபதடி தொலைவில் வேலோடு நின்றான். அவள் அவனைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"யார் பெயர், சடைச்சி?"

அவள் தலையை இருபுறமும் அசைத்தாள். மூங்கில் வெட்டியாயிற்று, கீற்று வாங்கியாயிற்று, விடியுமுன் கூந்தலையும் விரித்தாயிற்று. பெயர் ஒன்று சொல்ல வேண்டியிருக்கும் என்பதை அத்தனை பெண்களில் ஒருத்தியும் நினைத்துப் பார்க்கவில்லை.

சேந்தர் அடுத்த வாசலுக்குச் சென்றார். அங்கும் கேட்டார். அங்கிருந்தவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். மூன்றாவது வாசலில் இருந்தவள் "என்னைக் கேட்காதீர், ஐயா" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். வீதி முடியும் வரை அவர் கேட்டார். உயிரோடு எதிரில் நிற்கும் மகனின் பெயரைப் பாடையருகில் இருந்து சொல்ல ஒரு தாய்க்கும் நா எழவில்லை.

சேந்தர் திரும்பி வந்தார். அவருடைய நெற்றியிலிருந்து வியர்வை கண்ணில் இறங்கியது.

மழவராயர் வாய்விட்டுச் சிரித்தார். "எத்தனை பேர் மாண்டார்கள், காப்பாளரே?"

"யாரும் பெயர் சொல்லவில்லை."

"மூங்கிலுக்கும் ஓலைக்கும் பெயர் கிடையாதய்யா. திறவும்."

சேந்தர் வாயிற்படியில் ஏறினார். திறவுகோலைப் பூட்டுக்குள் நுழைக்க இரண்டு முறை முயன்றார். மூன்றாவது முறை அது நுழைந்தது. பாதி திருப்பினார். பின்னால் ஒருத்தியும் அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

அப்போது உலகம்மை வீதியின் கடைக்கோடியிலிருந்து நடந்து வந்தார். அவர் விரைந்து வரவில்லை. சடைச்சியின் வாசலில் நின்றார். கையிலிருந்த ஓலைத் தூளைத் தட்டினார். பாடையின் மேல் ஏறி மல்லாந்து படுத்தார்.

"கேளும், சேந்தரே."

சேந்தர் திறவுகோலைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் படியிறங்கினார்.

"யார் பெயர்?"

"உலகம்மை."

அவர் கண்களை மூடிக்கொண்டார்.

"இது என்ன கூத்து?" என்றார் மழவராயர். "ஏய், எழுந்திரு. உயிரோடு இருப்பவள் தன் சாவைத் தானே சொல்வதா? எழுந்திரு என்கிறேன்."

உலகம்மை அசையவில்லை.

"பிணத்தோடு ஏன் வாதிடுகிறீர், ஐயா?" என்றாள் சடைச்சி. அவள் குரலில் நேற்றைய சடைச்சி திரும்பியிருந்தாள். அடுத்த வாசலுக்குச் சென்று அங்கிருந்தவளை விலாவில் இடித்தாள். "நகரடி. உன் பாடையில் எனக்கும் இடம் விடு."

அவள் படுத்தாள்.

"என்னிடமும் கேளும், ஐயா. இந்தப் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரும்."

"யார் பெயர்?"

"சடைச்சி."

சேந்தர் மீண்டும் வாசல் வாசலாகச் சென்றார். இம்முறை எங்கும் நிற்க நேரவில்லை. அவர் கேட்டு முடிக்குமுன் விடை வந்தது. காளி என்றாள் ஒருத்தி. பேராச்சி என்றாள் ஒருத்தி. முந்தானையை வாயில் திணித்திருந்தவள் அதை எடுத்துவிட்டு, மூன்று தெரு கேட்கும்படி, "அங்காயி" என்றாள்.

தம் வீட்டு வாசலில் சேந்தர் நின்றார். அங்கே பாடை இல்லை. கதவு திறந்தது. நங்கை வெளியே வந்தாள். படையின் வரிசையில் இளநாகன் நிற்கும் இடத்தைத் தேடிக் கண்டாள். வெறுந்தரையில் படுத்தாள்.

சேந்தர் அவளருகில் குனிந்தார்.

"கேளுங்கள்," என்றாள் அவள்.

"வேண்டாம், நங்கை."

"என் பெயரை நீங்கள் சொன்னால் எப்படி? கேட்பதுதானே உங்கள் வேலை? கேளுங்கள்."

"யார் பெயர்?"

"நங்கை."

சேந்தர் கோயிலுக்குத் திரும்பினார். பாதி திரும்பியிருந்த திறவுகோலை மறுபக்கம் திருப்பினார். பூட்டு விழுந்த ஓசை வரிசையின் கடைசி ஆள் வரையில் கேட்டது. திறவுகோலை மடியில் முடிந்துகொண்டார்.

மழவராயரின் வாள் அவர் கழுத்தில் வந்து நின்றது.

"திற."

"பெயர் சொல்லப்பட்டுவிட்டது, ஐயா."

"பொய்ப் பெயர்!"

"பெயர் உண்மையானதுதான். எல்லாரையும் எனக்குத் தெரியும்."

வாளின் நுனி சற்று அழுந்தியது. சேந்தர் எச்சிலை விழுங்க அஞ்சினார். கழுத்து அசைந்தால் தோல் கிழியும் என்று தெரிந்தது. மழவராயர் வானத்தைப் பார்த்தார். ஞாயிறு கோபுரத்தின் முதல் நிலையைத் தாண்டியிருந்தது. பாடை கிடக்கும் வீதியில், ஒரு காப்பாளரின் குருதியும் படிந்த வாசலில், அம்மன் காலடியில் வாளை வைக்க அவராலும் ஆகாது. வாளைத் தாங்கி நின்ற இருவரும் அதைப் பாடைகளிலிருந்து விலக்கி உயரத் தூக்கிக்கொண்டிருந்தனர்.

"மிதித்துத் தள்ளிவிட்டு வாருங்கள்!" என்று அவர் படையை நோக்கிக் கூவினார்.

ஒருவனும் அசையவில்லை.

சடைச்சியின் அருகில் படுத்திருந்தவள் மெல்ல முனகினாள். "அக்கா, மூங்கில் முதுகில் குத்துகிறது."

"சும்மா கிட. பிணத்துக்கு முதுகு உண்டா?"

"எனக்கு உண்டே."

முன்வரிசையில் எவனோ சிரிப்பை அடக்க முடியாமல் தும்மினான். மழவராயரின் முகம் கறுத்தது. அவர் வாளைச் சேந்தரின் கழுத்திலிருந்து எடுத்துப் பாடைகளை நோக்கி நீட்டினார்.

"தூக்குங்கள்! இந்தப் பிணங்களை எல்லாம் தூக்கிக்கொண்டுபோய் எல்லைக்கு அப்பால் எறியுங்கள்! வீதி இப்பொழுதே வெறிச்சோட வேண்டும்!"

 ஒரு வேல் தரையில் விழுந்தது. அது இளநாகனுடையது. அவன் வரிசையிலிருந்து வெளியே வந்து, வெறுந்தரையில் கிடந்த தாயின் தோளின் கீழே கையைக் கொடுத்தான். அடுத்து ஒரு வேல் விழுந்தது. அதன்பின் எண்ண முடியவில்லை. கல் பாவிய வீதியில் வேல்கள் விழுந்த ஓசையில் மழவராயரின் குதிரை மிரண்டு பின்வாங்கியது.

ஒரு பாடைக்கு நால்வர் போதும். பன்னிருவர் வந்தனர். மற்ற வீதிகளின் பிள்ளைகளும் வந்தனர். இடம் கிடைக்காதவர்கள் மூங்கிலில் ஒரு விரலேனும் படும்படி கையை நுழைத்தார்கள். "தள்ளடா, இது என் தாய்," என்றான் ஒருவன். "எனக்கும் அத்தைதானடா, கொஞ்சம் விடு," என்றான் மற்றொருவன்.

மழவராயர் அப்போதுதான் கண்டார். வீதி முழுவதும் வேல்கள் கிடந்தன. ஏந்த ஒரு கையும் இல்லை.

"நில்லுங்கள்! வேலை எடுங்கள்! எடுங்கள் என்கிறேன்!"

"எடுப்பார்கள், ஐயா," என்றார் சேந்தர். அவர் கழுத்தில் ஒரு கோடு சிவந்திருந்தது. "பதினாறாம் நாள் எடுப்பார்கள். தோள் கொடுக்கச் சொன்னவர் தாங்கள்தாம்."

பாடைகள் வீதியைக் கடந்து எல்லையை நோக்கிச் சென்றன. நாழிகை கழிந்தது.

அன்று பகலிலேயே சேந்தரையும் உலகம்மையையும் பிடித்துச் சென்று அரண்மனையின் பழைய நெற்களஞ்சியத்தில் அடைத்தார்கள். பொய்ச் சாவு சொன்னவளுக்கும் அதற்கு நடை சாத்தியவனுக்கும் உரிய தண்டனையை அரசர் எண்ணி அறிவிப்பார் என்றார்கள்.

சேந்தர் உண்ணவில்லை. வெளியே காலடி ஓசை கேட்கும்தோறும் எழுந்து நின்றார். அது கடந்து சென்றதும் அமர்ந்தார். மீண்டும் எழுந்தார். உலகம்மை தரையில் கிடந்த வைக்கோலைத் திரித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் காவலன் சிறு சாளரத்தின் வழியே கஞ்சியை நீட்டினான். அவன் தலை புதிதாக மழிக்கப்பட்டிருந்தது.

"நீருமா?" என்றார் சேந்தர்.

"அங்காயி எனக்குச் சின்னம்மா முறை, ஐயா," என்றான் காவலன். "பாடையில் போகும்போதே, 'மெதுவாகத் தூக்குங்களடா, எருமைகளா' என்று வழி நெடுகத் திட்டிக்கொண்டு வந்தாள். எல்லையில் இறக்கினோம். ஆற்றில் முங்கி எழுந்து, எங்களுக்கு முன்னால் வீட்டுக்குப் போய் உலை வைத்துவிட்டாள். நாங்கள் மொட்டையடித்துக்கொண்டு போனால், இதுகூட நன்றாகத்தான் இருக்கிறது என்கிறாள்."

"என் மகன்?"

"இளநாகனா? அவனுக்குத் தலையில் இரண்டு வெட்டு."

சேந்தர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நாவிதர் கத்தியால்தான், ஐயா! ஒரே நாளில் அத்தனை தலை. அவருக்குக் கை ஓய்ந்துபோயிற்று."

காவலன் சென்றபின் சேந்தர் கஞ்சிக் கலயத்தைக் கையில் எடுத்தார். குடிக்கவில்லை.

எட்டாம் நாள் மேற்கு மலையில் மழை பிடித்தது. துறையில் நீர் மார்பளவு வந்துவிட்டது என்று காவலன் சொன்னான். தை பிறக்கும் வரையில் அந்த ஆற்றை எவரும் நடந்து கடப்பதில்லை. அரசரிடமிருந்து தீர்ப்பு வரவில்லை. வராமல் இருப்பதன் பொருளைச் சேந்தர் பலவாறாக எண்ணிப் பார்த்தார். ஒன்றிலும் அவருக்கு மன அமைதி கிடைக்கவில்லை.

அன்று நண்பகலில் முற்றத்தில் பலர் நடந்து வரும் ஓசை கேட்டது. களஞ்சியத்தின் வெளித்தாழை எவரோ நீக்கத் தொடங்கினார்கள். அது துருப்பிடித்திருந்ததால் எளிதில் நகரவில்லை. சேந்தர் எழுந்தார்.

"அம்மையே," என்றார், "வந்துவிட்டார்கள். அதற்குள் ஒன்று கேட்டுவிடுகிறேன். முப்பது ஆண்டுகளாக யார் பெயர் என்று கேட்டுவருகிறேன். சொல்லப்பட்ட பெயர் ஒவ்வொன்றுக்கும் ஓர் உடல் இருந்தது. என் கண்ணால் பார்த்த பிறகே நடை சாத்தினேன். அன்று தாங்கள் பெயர் சொன்னீர்கள்; சாத்தினேன். நங்கை சொன்னாள், சாத்தினேன். அரசரின் ஆட்கள் என்னைப் பொய்யன் என்கிறார்கள். நான் என்ன மறுமொழி சொல்வேன்? அத்தனை பாடைகள் போயின. வீதியில் ஒருவரும் சாகவில்லையே!"

தாழ் கிரீச்சிட்டது. கதவின் இடுக்கில் வெளிச்சம் விழுந்தது.

உலகம்மை திரித்த வைக்கோலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"ஆம், சேந்தரே," என்றார். "ஒருவரும் சாகவில்லை."